டேவிட் கேசிடி: வாரம் 600 டாலருக்கு விற்ற முகம்

எழுபதுகளில் அமெரிக்கப் பிள்ளைகளின் கனவு நாயகனாக இருந்த பாடகர், நடிகர் டேவிட் கேசிடியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். இருபது வயதில் பெரும்புகழ் வந்தது, அது தலைக்கேறியது, புகழ் போனதும் குடியில் விழுந்தார், 67 வயதில் இறந்தார். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகளை வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. புகழ் அவரைக் கைவிடவில்லை. அது உச்சத்தில் இருந்தபோதே, 24 வயதில், அவர்தான் அதை உதறிவிட்டு வெளியே வந்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக ஃபுளோரிடாவில் கைதானது அதற்கு 36 ஆண்டுகள் கழித்து. இந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவர் இறந்து ஏழு மாதம் கழித்து வெளியான ஒரு தொலைபேசி உரையாடல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அப்பா

1950 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் பிறந்தவர் டேவிட். அப்பா ஜாக் கேசிடி பிராட்வே நாடகங்களில் பாடி நடித்தவர். அம்மா ஈவ்லின் வார்டும் நடிகைதான். இருவரும் ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டிருந்ததால், பிள்ளை வளர்ந்தது நியூ ஜெர்சியில் வெஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில், அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டி வீட்டில். 1956-இல் பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டார்கள். வீட்டில் யாரும் அவனிடம் சொல்லவில்லை. தெருவில் விளையாடிய பிள்ளைகள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. தன் அப்பாவும் அம்மாவும் பிரிந்தது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் அவர் தன் சிறுவயதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இடத்துக்கு வந்துவிடுவார்.

ஜாக் அதே ஆண்டில் நடிகை ஷெர்லி ஜோன்ஸை மணந்தார். அவர்களுக்கு ஷான், பாட்ரிக், ரயன் என்று மூன்று மகன்கள். ஜாக் 1964-இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது வாங்கினார். அறைக்குள் நுழைந்தால் எல்லோர் கண்ணும் அவர் மேல்தான் இருக்கும் என்பார்கள், அப்படி ஓர் ஆள். ஆனால் குடி இருந்தது. மனநிலை ஒரேயடியாக உச்சத்துக்குப் போய், பிறகு ஒரேயடியாகச் சரியும் இருமுனைக் கோளாறும் இருந்தது. மூத்த மகனுக்கு இந்த அப்பா எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி. வந்தால் வீடே வெளிச்சமாகும், போனால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. அந்த மகன் அப்பாவைப் போலவே மேடை ஏற வேண்டும் என்று விரும்பியதில் ஆச்சரியமே இல்லை.

பேருந்தும் ஒப்பந்தமும்

1969 ஜனவரியில் டேவிட் முதன்முதலாக பிராட்வே மேடை ஏறினார். அந்த நாடகம் நான்கே காட்சிகளில் மூடப்பட்டது. பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் போய், தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேடங்கள். அடுத்த ஆண்டு ஒரு புதிய தொடருக்கான தேர்வுக்குப் போனபோது அங்கே ஷெர்லி ஜோன்ஸ் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம் டேவிட். உனக்கு அம்மாவாக நடிக்கப் போகிறேன் என்றாராம் சிற்றன்னை. இருவரும் பேட்டிகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லும்போது இருவர் முகத்திலும் சிரிப்பு வரும். அந்தக் குடும்பத்தில் டேவிட்டிடம் கடைசிவரை பாசமாக இருந்தவர்களில் ஷெர்லி ஒருவர்.

தொடரின் பெயர் 'தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி'. கணவனை இழந்த தாய் ஒருத்தி, ஐந்து பிள்ளைகள், எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு. பழைய பள்ளிப் பேருந்து ஒன்றுக்குக் கட்டம் கட்டமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் அடித்து, அதில் ஊர் ஊராகப் போய்ப் பாடுவார்கள். அம்மாவும் பிள்ளைகளுமாகப் பாடிய 'தி கௌசில்ஸ்' என்ற உண்மையான குழுவை வைத்துப் பிறந்த யோசனை இது. 1970 செப்டம்பர் 25 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1974 மார்ச் வரை 96 அத்தியாயங்கள் ஓடியது.

டேவிட்டை நடிக்கத்தான் எடுத்தார்கள். எனக்குப் பாடவும் வரும் என்று அவரே இசைத் தயாரிப்பாளர் வெஸ் ஃபேரலிடம் போய்ச் சொல்லி, பாடிக் காட்டி இடம் பிடித்தார். திரையில் ஆறு பேர் பாடுவதாகத் தெரிந்தாலும் இசைத்தட்டில் நடிகர்களில் பாடியது டேவிட், ஷெர்லி இருவர் மட்டுமே. வாத்தியங்களை வாசித்தது லாஸ் ஏஞ்சலிஸின் தேர்ந்த ஒலிப்பதிவுக் கலைஞர்கள். இதில் ஒரு விவரத்தை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஆரம்பகாலப் பாடல்களில் டேவிட்டின் குரல் இன்னும் சின்னப் பையனுடையது போலக் கேட்க வேண்டும் என்று ஒலிநாடாவின் வேகத்தைச் சற்றுக் கூட்டினார்கள். இருபது வயது இளைஞனின் சொந்தக் குரல்கூட வயது குறைத்துத்தான் விற்பனைக்குப் போனது.

'ஐ திங்க் ஐ லவ் யூ' என்ற பாடல் 1970 நவம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 50 லட்சத்துக்கு மேல் விற்றது. அதன்பிறகு அந்த முகம் இல்லாத பொருளே இல்லை என்கிற நிலை. பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, பபிள்கம் அட்டை, காமிக் புத்தகம், சுவரொட்டி. அந்த முகத்துக்குரியவருக்குக் கிடைத்தது வாரம் 600 டாலர். பெயரையும் உருவத்தையும் வைத்து வியாபாரம் செய்யும் உரிமை தயாரிப்பு நிறுவனமான ஸ்கிரீன் ஜெம்ஸிடம் இருந்தது.

இங்கே ரூத் ஆரன்ஸைச் சொல்லியாக வேண்டும். 1936-இல் மேசைப்பந்தில் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கப் பெண்மணி, பிறகு நடிகர்களின் மேலாளர் ஆனவர். ஜாக், ஷெர்லி, டேவிட் மூவருக்கும் அவர்தான் மேலாளர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது டேவிட்டுக்கு 21 வயது நிரம்பவில்லை என்பதை அவர் பிடித்தார். அப்போது கலிஃபோர்னியாவில் 21 ஆனால்தான் சட்டப்படி பெரியவர். 1972-இல்தான் அது 18 ஆனது. ஆக, அந்த ஒப்பந்தம் செல்லாது. இதைக் காட்டி நிறுவனத்தை மறுபடி பேச வைத்தார் ரூத். சம்பளம் உயர்ந்தது, பொருள் விற்பனையில் ஒரு பங்கும் எழுதப்பட்டது. எழுதப்பட்டது என்பது வேறு, கைக்கு வந்தது என்பது வேறு. பொருள் விற்பனையில் தனக்கு வந்தது வெறும் 5,000 டாலர் என்று சொல்லி 2011-இல், அதாவது நாற்பது ஆண்டுகள் கழித்து, ஸ்கிரீன் ஜெம்ஸின் வாரிசான சோனி மீது வழக்குப் போட்டார். அறுபதைத் தாண்டிய ஒருவர் தன் இருபது வயது முகத்துக்குக் கூலி கேட்டு நீதிமன்றம் போனார்.

வாரத்தில் ஏழு நாள்

திங்கள் முதல் வெள்ளி வரை படப்பிடிப்பு. சாயங்காலம் ஒலிப்பதிவுக் கூடம். சனி, ஞாயிறு விமானம் ஏறி வேறு ஊரில் கச்சேரி. திங்கள் காலை மறுபடி படப்பிடிப்புத் தளம். இப்படியே நான்கு வருடம். 1971-இல் பித்தப்பையை அறுவைச் சிகிச்சை செய்து எடுக்க வேண்டி வந்தது. 1972 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் அரங்கம் நிறைந்து வழிந்தது. ஓட்டல்களில் அவரை வாசல் வழியாகக் கூட்டிப் போக முடியாது. சமையலறை வழியாக, சலவைத் துணி வண்டியில் ஒளித்து, ஆளைக் கடத்துவது போலக் கொண்டுபோவார்கள். இரவெல்லாம் கீழே பெண் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்கள். மேலே அறையில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார்.

அவருக்குப் பிடித்தது ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், பி.பி. கிங் போன்றவர்களின் கித்தார். பாட வைத்தது இனிப்புப் பாட்டு. இதை உடைக்க வேண்டும் என்று 1972-இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைக்கு மனம் திறந்து பேட்டி கொடுத்தார். ஆனி லீபோவிட்ஸ் எடுத்த அட்டைப் படத்தில் அவர் உடம்பில் துணி இல்லை. இடுப்புக்குக் கீழே வெட்டிப் போட்டார்கள். நிறுவனத்துக்குக் கடும் கோபம். ரசிகைகளோ ஒன்றும் மாறவில்லை. அடுத்த ஆண்டு லண்டன் வெம்பிளியில் அடுத்தடுத்து நடந்த காட்சிகளுக்கு டிக்கெட் முழுதும் தீர்ந்தது. தன்னை உண்மையாகக் காட்டினால் இந்தப் பொம்மை உடைந்துவிடும் என்று நினைத்தார், அந்தப் படமும் இன்னொரு சுவரொட்டியானது. மற்றவர்கள் இந்த அட்டைப் படத்தை விளம்பர உத்தி என்று எழுதும்போது எனக்கு ஒப்ப முடியவில்லை. அது 22 வயதுப் பையன் ஒருவன் கதவைத் தட்டிய சத்தம்.

இதற்கு நடுவே அப்பா. டோனி விருது வாங்கிய, இருபது வருடம் மேடையில் உழைத்த ஜாக் கேசிடியை இப்போது எல்லோரும் 'டேவிட்டின் அப்பா' என்று அறிமுகப்படுத்தினார்கள். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. மகனோ அந்தப் புகழை அப்பாவிடம் ஒரு தட்டுத் தட்டிக்கொடுப்பு வாங்குவதற்காகவே சம்பாதித்தவன் போல இருந்தான். அது வரவே இல்லை. பேச்சுவார்த்தை குறைந்தது.

வைட் சிட்டி

1974-இன் உலகப் பயணத்துடன் நிறுத்திக்கொள்கிறேன் என்று டேவிட் முன்பே அறிவித்திருந்தார். மே 26 அன்று லண்டனின் வைட் சிட்டி மைதானத்தில் கச்சேரி. சுமார் 35,000 பேர், பெரும்பாலும் பதின்வயதுப் பெண் பிள்ளைகள். இருக்கை இல்லாத திறந்த தரை. அவர் மேடைக்கு வந்ததும் பின்னால் இருந்தவர்கள் முன்னால் தள்ளினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் தடுப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே நசுங்கினார்கள். மயங்கியவர்களைக் காவலர்கள் தலைக்கு மேலே தூக்கித் தூக்கித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இறக்கினார்கள். பின்னால் நின்ற பிள்ளைக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவளுக்குத் தெரிவது மேடை மட்டும்தான். இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று அவள் நகர்கிறாள். ஆயிரக்கணக்கான பேர் அந்த ஓரடியை எடுத்து வைத்தால் முன்னால் நிற்பவருக்கு மூச்சு விட நெஞ்சு விரியாது. கூட்ட நெரிசலில் பலரும் மிதிபட்டுச் சாவதைவிட, நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறிச் சாவதுதான் அதிகம்.

நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். 14 வயதுச் சிறுமி ஒருத்தி நினைவு திரும்பாமலே நான்கு நாள் கழித்து இறந்தாள். அவளுடைய இறுதிச் சடங்குக்கு டேவிட் போகவில்லை. போயிருந்தால் அங்கேயும் பத்திரிகைக்காரர்களும் ரசிகர்களும் கூடி, அந்தக் குடும்பத்தின் துக்கத்தையே காட்சிப்பொருள் ஆக்கியிருப்பார்கள் என்றார். இந்தச் சாவு தன்னை விட்டு ஒருநாளும் போகவில்லை என்று பின்னாளில் பல இடங்களில் சொன்னார். நான் அவரை நம்புகிறேன். அவர் செய்தது ஒன்றுமில்லை, பாட வந்தார். ஆனால் அந்தப் பிள்ளை நெரிசலில் நின்றது அவர் முகத்தை இன்னும் பக்கத்தில் பார்ப்பதற்காக. அந்த முகத்தை அவ்வளவு பெரிதாக்கி விற்றவர்கள் யாரும் இதற்காகத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

24 வயதுக்குப் பிறகு

இங்கிருந்து அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். சாதனையும் இருந்தது, சறுக்கலும் இருந்தது. 1975-இல் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்காக, பீச் பாய்ஸ் குழுவின் புரூஸ் ஜான்ஸ்டனுடன் சேர்ந்து உருவாக்கிய ஆல்பத்தில் வளர்ந்த மனிதனின் குரலைக் கேட்கலாம். பாரி மனிலோ பாடிப் பின்பு உலகப் புகழ் பெற்ற 'ஐ ரைட் தி சாங்ஸ்' பாடலை அதற்கு முன்பே பாடி பிரிட்டனில் 11-ஆம் இடம் வரை கொண்டுபோனவர் டேவிட். அமெரிக்காவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1978-இல் 'போலீஸ் ஸ்டோரி' தொடரின் ஓர் அத்தியாயத்தில் நடித்து தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். நடிப்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் அது என்ன வேடம் தெரியுமா? பள்ளி மாணவன் போல வேடமிட்டுப் போதை விற்பவர்களைப் பிடிக்கும் இளம் போலீஸ்காரர். அவருக்கு அப்போது 28 வயது. தன்னை நடிகன் என்று நிரூபித்த வேடத்திலும் பதின்வயதுப் பையனாக நடித்துத்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதை வைத்து அவர் பெயரிலேயே தொடங்கிய தொடர் பத்து அத்தியாயத்தில் நின்றது.

அதற்கு முன்பே, 1976 டிசம்பர் 12 அதிகாலையில், ஜாக் கேசிடி இறந்துவிட்டார். வெஸ்ட் ஹாலிவுட்டில் தன் அடுக்ககத்தில், சோபாவில், கையில் சிகரெட்டோடு தூங்கிப்போனார். சோபா பற்றிக்கொண்டது. வயது 49. கடைசி மாதங்களில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை போட்டவரோடு சமாதானம் ஆகலாம். இறந்தவரோடு எப்படி ஆவது? குடியும் மனநோயும் சேர்ந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை டேவிட் கண்ணெதிரே பார்த்தார். பார்த்தது காப்பாற்றிவிடும் என்று நாம் நினைக்கிறோம். குடிநோய் பரம்பரையாக வரக்கூடியது, மரபணுவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்று மருத்துவம் சொல்கிறது. பார்த்துப் பயந்ததால் மட்டும் உடம்பு மாறிவிடாது.

எண்பதுகளில் கையில் காசில்லாமல் போனதை அவரே பிறகு எழுதினார். இரண்டு திருமணங்கள் முறிந்தன. 1985-இல் பிரிட்டனில் ஒரு பாடல் ஆறாம் இடம் வரை போனது. அதில் பின்குரல் கொடுத்தது பாடகர் ஜார்ஜ் மைக்கேல். லண்டன் இசை நாடகம் ஒன்றில் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் இடத்தில் நடித்தார். 1993-இல் தம்பி ஷானுடன் பிராட்வேயில் 'பிளட் பிரதர்ஸ்' இசை நாடகத்தில் இரட்டையராக நடித்தார். 1996 முதல் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்டில் ஒரு பிரம்மாண்ட மேடைக் காட்சியின் நாயகன். வாரத்தின் பெரும்பாலான நாட்கள் ஆடிப் பாடி, அரங்கத்தை நிறைத்தார். மனநல சிகிச்சைக்குப் போய் அப்பாவைப் பற்றிய கோபத்தைப் பேசித் தீர்க்க முயன்றதும் இந்தக் காலத்தில்தான். மூன்றாவது மனைவி, ஒரு மகன், குதிரைப் பண்ணை ஆசை, ஃபுளோரிடாவில் வீடு. இதெல்லாம் வீழ்ந்த மனிதனின் வாழ்க்கை இல்லை. நாற்பதுகளில் தன் தொழிலைத் திரும்பக் கட்டிய ஓர் உழைப்பாளியின் வாழ்க்கை. 'முன்னாள் கனவு நாயகனின் சோகக் கதை' என்று எழுதுபவர்கள் இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

குடி

2008-இல் தனக்குக் குடிப்பழக்கம் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2010 நவம்பரில் ஃபுளோரிடாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக முதல் கைது. 2013 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோடாக் என்ற ஊரில் எதிரே வண்டி வரும்போது முகப்பு விளக்கைத் தாழ்த்தாததற்காக நிறுத்தினார்கள். பரிசோதித்தால் ரத்தத்தில் மது 0.10 சதவீதம். சட்டம் அனுமதிப்பது 0.08. ஐந்தே மாதத்தில், 2014 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் மூன்றாவது முறை. நீதிமன்றம் மறுவாழ்வு மையத்தில் சேரச் சொன்னது, ஐந்து வருடக் கண்காணிப்பில் வைத்தது.

2012 டிசம்பரில் அம்மா ஈவ்லின் இறந்திருந்தார். பல வருடம் மறதி நோயால், கடைசியில் மகனையே அடையாளம் தெரியாத நிலையில். தாத்தாவுக்கும் அதே நோய். அம்மாவுக்குப் பழைய பாட்டுகளைப் போட்டுக் காட்டி முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகன் அவர். கைதுகளின் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இந்தச் சாவு எங்கே விழுகிறது என்பது தெரிகிறது. அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். குடிநோய்க்கு ஒற்றைக் காரணம் தேடுவது எப்போதும் தப்பாகத்தான் முடியும்.

2014-இல் சிஎன்என் தொலைக்காட்சியில், இனி ஒரு மடக்கு குடித்தால் செத்துப்போவேன் என்று சொன்னார். அதே ஆண்டு மனைவி விவாகரத்து கேட்டார். 2015 பிப்ரவரியில் திவால் மனு. ஃபோர்ட் லாடர்டேல் வீடு ஏலத்தில் போனது. ஆனாலும் வாரக் கடைசிகளில் சின்னச் சின்ன அரங்குகளில் பாடிக்கொண்டே இருந்தார். ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் பழைய சுவரொட்டிகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். பதினாலு வயதில் ஒருவர் குரல் ஆறுதலாக இருந்தது என்றால் அந்தக் கடனைத் தீர்க்க நாற்பது வருடம் கழித்து வருவதில் என்ன தப்பு?

மறதி நோய்

2017 பிப்ரவரி 18. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வெளியே அகோரா ஹில்ஸில் ஒரு கச்சேரி. ஆயிரம் முறை பாடிய பாட்டின் வரிகள் அவருக்கு வரவில்லை. தடுமாறினார், மேடையிலிருந்து விழுந்தார். யாரோ எடுத்த வீடியோ உலகம் சுற்றியது. குடித்திருக்கிறார் என்றார்கள். இரண்டு நாள் கழித்து 'பீப்பிள்' பத்திரிகையிடம் தனக்கு மறதி நோய் வந்திருப்பதாகச் சொன்னார். அம்மாவும் தாத்தாவும் இதில்தான் போனார்கள், எனக்கும் வரும் என்று உள்ளுக்குள் தெரிந்தேயிருந்தது என்றார்.

ஒரே நாளில் காற்று மாறியது. நேற்றுவரை திட்டியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். மறதி நோய் மரியாதையான நோய். அதில் நோயாளியின் தப்பு எதுவும் இல்லை. குடிநோய்க்கு அந்தச் சலுகை கிடையாது. என் பெரியப்பா ஒருவர் குடியால்தான் இறந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் 'காமாலை முற்றிவிட்டது' என்றுதான் சொன்னோம், நானும் சொன்னேன். பொய்யும் இல்லை, கண் மஞ்சளாகத்தான் இருந்தது. அதனால்தான் டேவிட் செய்ததை என்னால் தூரத்தில் நின்று பார்க்க முடியவில்லை.

நவம்பர் 18 அன்று கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழந்து ஃபுளோரிடாவில் மருத்துவமனையில் இருப்பதாகச் செய்தி வந்தது. மாற்றுக் கல்லீரலுக்காகக் காத்திருந்தார். நவம்பர் 21 அன்று இறந்தார். எவ்வளவு நேரம் வீணாகிப் போனது என்பதுதான் அப்பாவின் கடைசி வார்த்தைகள் என்று மகள் கேட்டி கேசிடி எழுதினார். கேட்டி அவருக்கு 1986-இல் பிறந்த மகள், நடிகை. அவளை நான் வளர்க்கவில்லை, பெற்றவன் மட்டும்தான் என்று டேவிட்டே சொல்லியிருந்தார். 2004-இல் எழுதிய உயிலில் அவளுக்கு எதுவும் இல்லை என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தார். அப்பாவால் கைவிடப்பட்ட மகன், தன் மகளுக்கு அதே போன்ற அப்பாவாக இருந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு எவ்வளவு பரிவு இருந்தாலும் இந்த இடத்தை மென்று விழுங்க முடியாது. ஆனாலும் மருத்துவமனைக்கு அவள் வந்தாள்.

2018 ஜூனில் ஏ அண்ட் ஈ தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. டேவிட் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த கடைசி மாதங்களை அது படம் பிடித்திருந்தது. நடுவில் அவர் உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் சேர்கிறார். அதன்பிறகு படத் தயாரிப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கிறார். கல்லீரல் நோய் வந்துவிட்டது என்கிறார். மறதி நோய்க்கான அறிகுறியே இல்லை, எல்லாம் மதுவின் விஷம், குடியைப் பற்றி நான் பொய் சொன்னேன் என்கிறார். உள்ளே இருந்த சோகத்தையும் வெறுமையையும் மூடத்தான் இதை எனக்கு நானே செய்துகொண்டேன் என்கிறார்.

இதை ஏமாற்று வேலை என்று எழுதியவர்கள் உண்டு. அவசரப்பட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நாட்பட்ட குடியில் மூளை தேயும், நினைவு தவறும். கல்லீரல் பழுதானால் அது வடிகட்ட வேண்டிய அம்மோனியா போன்ற நச்சுகள் ரத்தத்தில் தங்கி மூளையைக் குழப்பும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மறதி நோய்க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அம்மாவை அப்படிப் பார்த்த ஒருவருக்குத் தன் நிலை அதுதான் என்று தோன்றியிருக்கலாம், தோன்ற வேண்டும் என்று ஆசையும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருக்க இடமுண்டு. எப்படியும், உண்மையைச் சொல் என்று யாரும் கேட்காதபோது, கேமரா ஓடும்போதே, அவர் தானாக அழைத்துச் சொன்னார். தன் குரலின் வேகத்தைக் கூட்டி விற்றதில் தொடங்கிய வாழ்க்கையில், வேகம் கூட்டாமல் பதிவான குரல் அது.

அந்த ஆவணப்படத்தில் அவர் பதிவு செய்ய முயன்றது புதிய பாட்டுகளை அல்ல. தன் அப்பா தனக்குக் கற்றுக்கொடுத்த பாட்டுகளை. ஐம்பதுகளின் பிராட்வே பாட்டுகள், ஜாக் கேசிடி மேடையில் நின்று பாடிய காலத்துப் பாட்டுகள். சின்னப் பிள்ளையாக அரங்கில் உட்கார்ந்து அப்பாவை மேடையில் பார்த்த அன்றுதான் தனக்கும் இதுதான் வாழ்க்கை என்று தோன்றியதாக அவர் சொல்வதுண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் தலையணிக் கருவியை மாட்டிக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறார். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எடுக்கிறார், மேல் சுரத்தில் உடைகிறது. கண்ணை மூடி நிற்கிறார். இன்னொரு முறை எடுக்கலாம் என்கிறார். ஆல்பம் முழுதாக முடியவில்லை.